வேரோடு வந்த முடி

2022 டிசம்பர் 17, சனிக்கிழமை பிற்பகல், லாகோஸ் நகரின் முஷின் பகுதியில், ரோலாக்கே என்ற இருபத்தொன்பது வயதுப் பெண் இணையத்தில் வாங்கிய ஒரு விக்கைத் தன் அறை வாசலிலேயே சோதித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுத்தாள்.

இரண்டு முறை ஏமாந்தவள் அவள். முதல் கடைக்காரி முன்பணத்தை வாங்கிக்கொண்டு காணாமல் போனாள். இரண்டாமவளின் விக், படத்தில் பட்டாகவும் கையில் சணலாகவும் இருந்தது. இந்த மூன்றாவது பெண் கேட்டது மற்றவர்கள் கேட்டதில் பாதி விலை. அதனாலேயே ரோலாக்கே வீடியோ அழைப்பில் சரக்கைக் காட்டச் சொன்னாள். பொருள் வந்த பிறகுதான் பணம் என்றாள். எல்லாவற்றுக்கும் அந்தப் பெண் ஒத்துக்கொண்டாள்.

வாசலில் விக்கிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கித் தீக்குச்சியில் காட்டினாள். பிளாஸ்டிக் என்றால் உருகிக் குமிழாகும். இது சுருண்டு, கருகி, சாம்பலானது.

"வாங்கற விக்குக்கே இப்படின்னா, கட்டிக்கப் போறவர என்ன பண்ணுவீங்க ஆன்ட்டி?" என்றான் பைக்கில் பொட்டலம் கொண்டுவந்தவன்.

அவள் சிரிக்கவில்லை. விரலிடையே மிஞ்சியிருந்த துண்டின் நுனியில் வெள்ளையாக ஒரு சிறு வேர் இருந்தது. ஈரமாக. விக்கின் முடியை வலையில் முடிச்சுப் போட்டுத்தான் கட்டுவார்கள். அதில் வேருக்கு இடமில்லை. அது அவளுக்குத் தெரியும். ஆனால் அவளுடைய பயமெல்லாம் போலியைப் பற்றியது. அசல்தான் என்று நிம்மதியாகக் கதவைச் சாத்தினாள்.

திங்கட்கிழமை ஒரு மருத்துவமனை வரவேற்பறையில் புது வேலை. வருடக்கணக்காக இழுத்துப் பின்னிய பின்னல்கள் நெற்றியோர முடியை உள்ளங்கையகலம் தின்றிருந்தன. கம்பி போட்ட ஜன்னல் வழியே, சகாராவிலிருந்து வீசும் ஹர்மட்டான் காற்றின் புழுதியும், பக்கத்துக் கட்டட ஜெனரேட்டரின் உறுமலும், வாழைக்காய் சுடும் புகையும் கலந்து வந்துகொண்டிருக்க, பசைகூடத் தடவாமல், அளவு பார்க்கலாமே என்றுதான் விக்கைத் தலையில் வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. வலையின் ஓரம் தோலோடு தோலாக மறைந்தது. கண்ணாடியில் தன்னையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு வாசனை வந்தது. அவள் பயன்படுத்தாத ஏதோ சோப்பு. அதற்கடியில், தூங்கி எழுந்த யாருடைய தலையணையிலோ இருப்பது போன்ற வியர்வை. உள்ளே சூடு ஏறியது. கழற்றுவதற்காகக் காதோரம் விரலை விட்டாள்.

ஓரம் அகப்படவில்லை.

நகத்தால் நெம்பினாள். எண்ணெய் ஊற்றினாள். ஸ்பிரிட்டால் துடைத்தாள். ஒரு முடியைப் பிடித்து இழுத்தாள். வலித்தது. இழுத்த இடத்தில் ரத்தம் துளிர்த்தது. தலை ஒரு சுற்று இறுகியது, தலையில் கட்டிய கைக்குட்டையின் முடிச்சை யாரோ மெல்ல இழுப்பது போல. காது அடைத்தது.

கடைக்காரியை அழைத்தாள். பணத்தைத் திருப்பித் தர வேண்டாம், கழற்றும் வழியை மட்டும் சொல்லச் சொல்லிக் கெஞ்சினாள்.

"போட்டுட்டா திருப்பி எடுக்க மாட்டோம் செல்லம். விதிமுறையிலயே போட்டிருக்கோமே," என்றாள் அந்தப் பெண், கனிவாக. "இறுக்கமாத்தான் இருக்கும். பழகிடும். ரெண்டு பேருக்கும்."

அழைப்பு நின்றது.

நடைக்கு எதிர் அறையில் இருப்பவள் தாயோவின் அம்மா. ரோலாக்கே கூப்பிட்டதும் வந்து, மிளகாய் அரைத்த கையைத் துடைத்துக்கொண்டு தலையைச் சுற்றித் தடவினாள்.

"ஏண்டி, விளையாடறியா? உன் சொந்த முடி இது. எப்போடி இப்படி வளந்துச்சு?"

"இல்லக்கா. முடி வெட்டற மெஷினக் கொண்டாங்க. எல்லாத்தையும் வழிச்சுடுங்க."

தாயோவின் அம்மா தன் கணவனின் பேட்டரி மெஷினை எடுத்துவந்தாள். முடி கற்றை கற்றையாக மடியில் விழுந்தது. கனமாக. வெதுவெதுப்பாக. முதலில் அவள் கிண்டல் செய்துகொண்டே வழித்தாள். உச்சியைத் தாண்டியதும் மெஷினை நிறுத்தினாள்.

"ரோலா. உன் மண்டையில எப்பவாவது தையல் போட்டாங்களா?"

"இல்லையேக்கா."

தாயோவின் அம்மா கண்ணாடியை நீட்டினாள்.

நெற்றி அவளுடையது. அதற்கு மேல் இருந்த தோல் வேறு நிறம். வெளிறிய பழுப்பு. ஒட்டு இல்லை, தழும்பான எல்லைக்கோடும் இல்லை. ஒன்று முடிந்த இடத்தில் மற்றது தொடங்கியது. நடு உச்சியில் ஒரு பழைய வெட்டுக்காயம், தையல் தடங்களோடு. அதன் பக்கத்தில் ஒரு நரம்பு துடித்தது. ரோலாக்கே தன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். மணிக்கட்டு வேகமாக அடித்தது. தலையிலிருந்தது நிதானமாக. தூங்குகிற ஒருத்தியுடையதைப் போல.

தாயோவின் அம்மா மெஷினைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். எதிர் அறையில் தாழ்ப்பாள் விழுந்தது.

ரோலாக்கே தலையில் கை வைத்தாள். உள்ளங்கைக்கடியில் சொரசொரவென்று ஏதோ முட்டியது. பிறகு விரலிடுக்குகளில். பிறகு விரல்களுக்கு மேலே.

இருட்டுவதற்குள் முடி தோளைத் தொட்டது. அந்த நரம்பு இப்போது வேகமாகத் துடித்தது, தூக்கம் கலைந்தவளுடையதைப் போல. எதிர்க்கதவு திறக்கவில்லை.