சர்க்கரை போட்ட கோப்பை

காலையிலேயே மேல்மாடியில் பாத்திரம் உருளும் சத்தம் பலமாகக் கேட்டது. மாமியார் உம்மு ஸாஹிருக்குக் கோபம் வந்தால் அவர் பேசமாட்டார், பாத்திரங்கள்தான் பேசும். கீழ்வீட்டில் மருமகள் ருதைனா ரொட்டியை ஆலிவ் எண்ணெயில் தொட்டபடியே இருந்தாள், வாயில் வைக்கவில்லை.

"பல்கலைக்கழகத்துக்குப் போன் பண்ணிட்டியா?" என்றான் கணவன் ஸாஹிர்.

"பண்ணிட்டேன். பரிசு வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"பைத்தியமா உனக்கு! ராப்பகலா உக்காந்து எழுதினது..."

"உங்க அம்மா கையாலதான கொடுக்கணும்? அவங்களுக்கு அந்தச் சங்கடம் எதுக்குங்க?"

ஸாஹிரின் தங்கை ஹியாம் பல்கலைக்கழகத்தில் ஆலோசனை உளவியல் கற்பித்தவள். அவள் இறந்ததும், அந்தத் துறையின் சிறந்த முதுநிலை ஆய்வுக்கு அவள் பெயரில் குடும்பமே ஒரு நினைவுப் பரிசு வைத்தது. நடுவர்கள் பெயரை மறைத்துத்தான் படிப்பார்கள். இந்த ஆண்டு மறைப்பை விலக்கிப் பார்த்தால், அதே துறையில் படித்த ருதைனாவின் பெயர்! துக்க வீட்டில் சாப்பிடாமல் கிடப்பவர்களைத் தேற்றுவது பற்றிய ஆய்வு அது.

அந்த ஆய்வு எங்கே தொடங்கியது என்று அவளுக்குத்தான் தெரியும். நாலு வருடத்துக்கு முன் ஹியாமின் துக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம், ஜோர்தானின் ஸல்த் ஊரில் துக்க வீட்டு வழக்கப்படி சர்க்கரை இல்லாத காபிதான் ஊற்றினாள். மாமியாரோ பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் சுருண்டு கிடந்தார். மயங்கி விழுந்துவிடுவாரே என்று பயந்து அவர் கோப்பையில் மட்டும் சர்க்கரை போட்டாள். ஒரு வாய் குடித்தவர் எல்லார் முன்னாலும் கோப்பையைக் கவிழ்த்தார். "எம் மக சாவுல இனிப்பா! உனக்கு இது கல்யாண வீடாடி?" அன்றிலிருந்து மருமகள் கையால் அவர் காபி குடிப்பதில்லை. ருதைனா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மகளைப் பறிகொடுத்தவளிடம் போய் நியாயம் பேசுவதா?

யாரோ கதவைத் தட்டினார்கள். பரிசளிப்பு விழாவுக்கென்று எடுத்து வைத்திருந்த பூவேலை அங்கியில் மாமியார் நின்றார். மகன் வீட்டுக்குள் விருந்தாளி போல வந்து கூடத்தில் அமர்ந்தார்.

"காபி போடு."

ருதைனா அடுப்பைப் பற்றவைத்தாள். ஏலக்காய் போட்டு, சர்க்கரை போடாமல் கொண்டுவந்து கொடுத்தாள். மாமியார் அதைக் குடிக்காமல் எதிரே வைத்தார்.

ஸாஹிர் எழுந்தே நின்றுவிட்டான். அந்த ஊரில் பெண் கேட்டுப் போகிறவர்களும் பகை தீர்க்கப் போகிறவர்களும்தான் அப்படி வைப்பார்கள். கேட்டது கிடைக்கும்வரை கோப்பையில் வாய் வைக்கமாட்டார்கள். மருமகளிடம் ஒரு மாமியார் அப்படி உட்கார்ந்து அவன் பார்த்ததே இல்லை.

"கேளுங்க மாமி..."

"துறையிலேர்ந்து எனக்குப் போன் வந்துச்சு. நீ வந்து பரிசை வாங்கணும். நீ வராம நான் அங்க யாருக்குக் கொடுக்க?"

"உங்க மனசு நோகும்னுதான் மாமி..."

"அந்தச் சர்க்கரையை நீ எதுக்குப் போட்டேன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்டி! சாவு மேல கோபப்பட முடியல... கைக்கு எட்டுற தூரத்துல நீதான் இருந்தே. நீயும் வாயைத் திறக்காம வாங்கிக்கிட்டே..."

நாலு வருட அழுகையும் ருதைனாவுக்கு ஒன்றாக வந்தது. "வர்றேன் மாமி... கண்டிப்பா வர்றேன்." மாமியார் அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"காபி ஆறிப்போச்சு. வேற போட்டுத் தர்றேன்."

"வேண்டாம், இதுலயே சர்க்கரை போடு."

"எவ்வளவு மாமி?"

"அன்னிக்குப் போட்ட அளவு."

கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, கோப்பையை மருமகளின் கையிலேயே கொடுத்தார்.