தெய்வநாயகத்தின் அலைவரிசை

கடல் கொண்டுபோனவர்களை அழைக்கலாகாது. அவர்களுக்கும் காது உண்டு.

மழை விட்ட பிற்பகலில், தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தை ஒட்டிய தன் ரிப்பேர் கடைக்குத் தம்பி வெற்றிவேல் வந்தபோது தாமரைச்செல்வி இதை நினைக்கவில்லை. அவன் தன் படகின் ஒயர்லெஸ் செட்டை மேசையில் வைத்தான்.

"தெய்வநாயகம் மாமா நம்பருக்கு மாத்திக் குடுக்கா. நம்ம நம்பர்ல பேசுனா ஊரே ஒட்டுக் கேக்குது."

மீன் கிடைக்குமிடம் வெளியே தெரியாதிருக்க, ஒவ்வொரு படகுக் கூட்டமும் தனக்கென ஓர் இரகசிய அலைவரிசை வைத்திருக்கும். மூழ்கியவனின் எண்ணை மட்டும் எவரும் தொடமாட்டார்கள். சென்ற மாதம் படகோடு போன தாய்மாமன் தெய்வநாயகத்தின் உடல் இன்னும் கரை ஒதுங்கவில்லை.

"செத்தவரு நம்பர்டா."

"அதான் ஒருத்தனும் கேக்க மாட்டான். மாமா என்னா, சண்டைக்கா வரப்போறாரு?"

சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் அவளுடைய உறுதி கரைந்தது.

செட்டில் எண்ணை மாற்றினாள். அதைச் சோதிக்க, தானே பற்றவைத்துக் கோத்த சிக்னல் ஜெனரேட்டர் கிட்டை எடுத்தாள். அந்தச் சிறு பலகையில் எண்ணைப் பதித்தால், அதே அலைவரிசையில் அது ஒலியெழுப்பும். பதித்தாள். செட் சீழ்க்கையடித்தது.

பலகையை அணைத்தாள்.

சீழ்க்கை நிற்கவில்லை.

அழுகிய கடற்பாசியின் வாடை அறையில் மெல்லப் பரவியது.

"ரீசெட் பண்ணுக்கா," என்று வெற்றிவேல் கிசுகிசுத்தான்.

பலகையின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே அதற்கு மின்னிணைப்புக் கொடுத்தாள். நினைவகம் அழிந்து, அதன் திரையில் சுழியங்கள் வரிசையாக நின்றன. பின்பு, எவரும் தொடாமலே, அவை ஒவ்வொன்றாக மாறின.

மாமாவின் எண்.

பலகையின் ஒயரைப் பிடுங்கினாள். எண் மறையவில்லை.

செட்டுக்குள் நீர் கொப்பளிக்கும் ஓசை எழுந்தது. அதனூடே, காதருகில் பேசுவதுபோல்:

"வெற்றி... தனியா இழுக்க முடியலடா. வலைக்கு ஒரு கை குடேன்."

அவள் செட்டின் பேட்டரியைக் கழற்றினாள். அப்போதுதான் அமைதி வந்தது.

"இன்னிக்குக் கடலுக்குப் போவாதடா. சத்தியம் பண்ணு."

"போவல. அம்மா மேல சத்தியம்."

அவனை, அவன் தனியாக இருந்த வம்பாக்கீரப்பாளையத்து வீட்டில் விட்டு, உள்ளே தாழ்ப்பாள் விழும் ஓசையைக் கேட்ட பிறகே அவள் திரும்பினாள்.

விடிந்ததும் துறைக்கு ஓடினாள். தம்பியின் படகு கட்டியபடியே கிடந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பியது.

இரவெல்லாம் கடலில் இருந்து திரும்பிய மீனவர் கொளஞ்சி படகைவிட்டுக் குதித்தார்.

"என்னா தாமர, ஒந்தம்பி ராப்பூரா எங்கள தூங்க வுடல! எந்த நம்பர திருப்புனாலும் அவன் கொரலுதான். 'வந்துட்டேன் மாமா, இழு'ன்னு ஒரே பாட்டு. எங்க அவன்? இன்னும் கரைக்கு வரலியா?"

"அவன்... கடலுக்கே போவலியேண்ணே."

கொளஞ்சி கட்டியிருந்த படகைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு வடிந்தது.

வெற்றிவேலின் வீட்டுக் கதவு உட்புறம் தாழிட்டபடியே இருந்தது. அழைத்தும் குரலில்லை. இருவரும் உடைத்துத் திறந்தனர்.

அவன் இல்லை.

உப்புநீர் ஊறிய பாயின் நடுவே, கவலை என்னும் சிறு கடல்மீன் ஒன்று உயிரோடு வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.