ஒருமுறை தவறிய பட்டை

புதுப் பட்டை வேண்டவே வேண்டாம் என்று வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே எஸ்தர் முடிவு செய்திருந்தாள். இப்போதெல்லாம் அதை யார் விரும்பி வாங்குகிறார்கள்? புதுப் பிரேக் பட்டை பிறந்த குழந்தை மாதிரி. மிதித்தால் பிடிக்கும், மிதிக்காவிட்டால் சும்மா இருக்கும். ஓடித் தேய்ந்ததுதான் நினைவுப் பட்டை. ஓட்டியவரின் கால் எப்போதெல்லாம் பதறியதோ, அத்தனையும் அதன் துகள்களில் இருக்கும். அதே மாதிரி ஆபத்து மறுபடி எதிரே வந்தால், இப்போது ஓட்டுகிறவரின் கால் அசைவதற்குள் தானே போய்ச் சக்கரத் தட்டைக் கவ்விக்கொள்ளும். பட்டைக்குப் பதற்றம் ஞாபகம் இருக்கும். தட்டுக்கு இடம் ஞாபகம் இருக்கும்.

திங்கட்கிழமை முதல் மகள் பியூலா தனியாகக் காரில் வேலைக்குப் போகப்போகிறாள். எஸ்தரின் கணவன் தேவசகாயத்தை இரண்டு வருடங்களுக்கு முன் ஏரிச் சாலையில் ஒரு கார் அடித்துப் போட்டது. ஒரு நொடி நின்றதாம், பிறகு பறந்துவிட்டதாம். யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை. மிஞ்சியது இந்தப் பெண் ஒருத்திதான். எஸ்தர் தூங்கிப் பல நாள் ஆகியிருந்ததில் வியப்பென்ன?

புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடையில் நூருல்லா பாய், பட்டையும் தட்டுமாக இரண்டு செட்டைச் சாக்கின் மேல் எடுத்து வைத்தார்.

“இது ஸ்கூல் வேன்ல இருந்தது. முப்பது வருஷம் ஒரே டிரைவர். ஒரு கீறல் கெடையாது.”

“அப்ப இதையே குடுங்க பாய்.”

“அவசரப்படாத தங்கச்சி. இது மூணாந் தரம்.”

“முப்பது வருஷம்ங்கறீங்க, மூணாந் தரம்ங்கறீங்க!”

“மனுஷன் எறும்பு மாதிரி போனாரும்மா. அவரு கால் ஒருநாளும் பயந்ததில்ல. பயமே தெரியாத பட்டைக்கு வேற என்ன தெரியும்?” அடுத்த செட்டை முன்னால் தள்ளினார். “இதப் பாரு. முதல் தரம். ஒரே ஒரு தடவ லேட்டா புடிச்சது.”

தட்டின் மேல் நகத்தால் கீறிப் பள்ளம் பார்த்துக்கொண்டிருந்த எஸ்தரின் விரல் நின்றது. அந்த இடத்தில் இரும்பு சூடேறி நீலம் பாரித்திருந்தது.

“லேட்டான்னா…”

“ஆமா. யாரு, எங்கன்னு கேக்காத. பேரு, வண்டி நம்பரு எல்லாத்தையும் அழிச்சிட்டுதான் விக்கணும்னு சட்டம். ஆனா அதுக்கப்புறம் இது ஒரு உசுரையும் போக விடாது. கோழிக்குஞ்சு குறுக்க வந்தாலும் நிக்கும்.”

“யாரையோ கொன்னதும்மா அது,” என்றாள் பக்கத்தில் நின்ற பியூலா.

“சும்மா இருடி. நீ முழுசா வீட்டுக்கு வந்தாப் போதும் எனக்கு.”

பட்டையும் தட்டும் மாட்டி முடிக்க மதியம் ஆயிற்று. எஸ்தரே ஓட்டினாள். வண்டி பூப்போல நின்று பூப்போலக் கிளம்பியது. ஏரிச் சாலைக்குத் திரும்பினார்கள். வெயில் கொளுத்தியது, எதிரே ஒரு காக்கை கூட இல்லை. நீரேற்று நிலையத்தின் இரும்புக் கதவுக்கு எதிரே வந்ததும் வண்டி அலறிக்கொண்டு நின்றது. எஸ்தரின் கால் பிரேக்கில் இல்லை.

அவள் இறங்கினாள். அந்தக் கதவை அவளுக்குத் தெரியும். அதன் முன்னால்தான் தேவசகாயம் கிடந்தான். வண்டியின் மூக்குக்கும் அந்த இடத்துக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது.

“இப்ப நிக்கிறியா? இப்ப நின்னு என்ன பண்ண?” என்று பானெட்டை ஓங்கி அறைந்தாள்.

ஒரு ஆள் சாலையைக் கடக்கிற நேரம் காத்திருந்துவிட்டு, பட்டை தானே பிடியை விட்டது. எஸ்தர் பின்னால் எடுத்து மறுபடி வந்தாள். மறுபடியும் நின்றது. மூன்றாம் முறை நின்றபோது பியூலா மெல்லக் கேட்டாள்: “அதுக்கு அப்பா தெரியறாராம்மா?”

எஸ்தர் கைக்குட்டையைத் தேடினாள்.

மறுநாள் காலை நூருல்லா பாய் விஷயத்தைக் கேட்டுவிட்டு வண்டிச் சக்கரத்தைக் கழற்றினார். அப்புறம் அளவுகோலை எடுத்துப் பட்டையின் கனம் பார்த்தார்.

“மூணு நிறுத்தத்துல இவ்வளவு தேஞ்சிருக்கு. புள்ள தினம் அந்த வழியாதான் போகணும்னா மூணு மாசம் தாங்காது. திருப்பிக் குடுக்கறதுன்னா குடு, ஸ்கூல் வேன் செட்டு இருக்கு.” தட்டைத் தொட்டுக் காட்டினார். “இல்ல, தட்டை மட்டும் மாத்திடலாம். ஒரு வாரம் கீச்சு கீச்சுன்னு கத்தும், அப்புறம் பழகிடும். இடம் மறந்துடும். பயம் மட்டும் இருக்கும்.”

இந்த உலகத்தில் தேவசகாயத்துக்காக நிற்கிற ஒன்று அந்தத் தட்டுதான். எஸ்தர் அதன் நீலத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். உள்ளே அவன் இன்னும் சாலையைக் கடந்துகொண்டே இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. ஒன்றும் ஆகாமல், தினமும், அந்தக் கரை சேர்ந்துகொண்டு. கையை எடுக்க அவளுக்கு மனமே வரவில்லை, பாவம்.

“மாத்திடுங்க,” என்றாள். “அவ நல்லாருக்கணும். எவ்வளவு நாள் வரும்?”

“ரெண்டு வருஷம்.”

“அப்புறம்?”

“அப்புறம் வேற முதல் தரம்தான் தேடணும். அதான் கஷ்டம்மா. எல்லார் வண்டியிலயும் நல்ல பட்டை இருக்கு, யாரும் அடிபடறதில்ல. வருஷத்துக்கு நாலஞ்சு செட்டு வந்தாப் பெருசு. காத்திருக்கிறவங்க பேரே ரெண்டு நோட்டு இருக்கு. உன் பேரையும் எழுதிக்கவா?”

“எழுதுங்க,” என்றாள் எஸ்தர், யோசிக்காமல். பிறகு கேட்டாள்: “அது எங்கேருந்து பாய் வரும்?”

பாய் பேனாவை மூடினார். “யாரோ ஒருத்தங்க எங்கயோ நடந்து போய்க்கிட்டிருக்காங்கம்மா. இப்போதைக்கு நல்லாத்தான் இருப்பாங்க.”

எஸ்தர் திரும்பினாள். சோடா வாங்கப் போன பியூலா எதிர்ப்பக்க நடைபாதையில் இரண்டு பாட்டில்களோடு நின்று, அம்மாவைப் பார்த்துச் சிரித்தபடி சாலையில் கால் வைத்தாள். வண்டிகள் வந்துகொண்டிருந்தன. இரு கண்ணு, அங்கேயே இரு என்று கத்த வாய் திறந்தபடியே, அவற்றில் புதுப் பட்டை மாட்டிய வண்டி எது என்று எஸ்தர் ஒவ்வொரு சக்கரமாகத் தேடினாள்.