அடம்பிடிக்கும் பச்சைக் கார்

ஜூனிக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். பழைய விமானத் திடலில் எத்தனையோ கார்கள் உறுமிக்கொண்டிருந்தன. அத்தனைக்கும் நடுவே, தொண்டை கட்டியவர் பாடுவதுபோல் ஒரு கரகரப்பு.

"அப்பா, நம்ம கார் வந்திருக்கு!"

"அது இப்ப டோரியோட கார், ஜூனி." அப்பா திரும்பிப் பார்க்கவே இல்லை. ஆரஞ்சுக் கூம்புகளை அள்ளிக்கொண்டு திடலுக்குள் நடந்துவிட்டார். விழும் கூம்புகளை நிமிர்த்துவது இன்று அவர் வேலை.

போன கோடை வரை அவரும் பந்தயக்காரர்தான். கூம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட்டவேண்டும். ஒன்றைக்கூடத் தள்ளக்கூடாது. இங்கிலாந்தில் செய்த அந்தப் பழைய பச்சைக் காரில் அப்பா பறப்பதைக் காண ஜூனிக்குக் கண் போதாது.

"உனக்குப் பன்னெண்டு வயசு ஆகட்டும். என் பக்கத்துல உக்காந்து வரலாம்" என்று சொல்லியிருந்தார்.

அவளுக்குப் பதினொன்று முடிவதற்குள் இரட்டைத் தம்பிகள் பிறந்துவிட்டார்கள். இரண்டே இருக்கையில் ஐந்து பேரை எப்படி அடைப்பது? காரை டோரி வாங்கிக்கொண்டார், வீட்டுக்கு வேன் வந்தது. வேன் நல்ல வண்டிதான். ஆனால் அதன் கூரையைத் திறந்து வானம் பார்க்க முடியாது.

கயிற்றுக்குப் பின்னால் நின்று ஜூனி பச்சைக் காரையே பார்த்தாள். டோரியின் கடைசிச் சுற்று. சாவியைத் திருப்பினார். கார் இருமியது. கிளம்பவில்லை.

"உங்க கார் இங்கிலாந்துக்காரியாச்சே! டீ குடுத்தீங்களா?" என்று கத்தினார் பின்னாலிருந்த தாடிக்காரர். எல்லாரும் சிரித்தார்கள்.

"ஓரமாத் தள்ளுங்க. அடுத்த கார் முடிக்கறதுக்குள்ள கிளம்பலைன்னா உங்க முறை போயிடும்" என்றார் கொடிக்காரர்.

காரைக் கயிற்றோரம் தள்ளினார்கள். டோரி மறுபடி சாவியைத் திருப்பினார். பின்பக்கத்திலிருந்து 'டிக் டிக்' என்று பெட்ரோல் பம்பு சத்தம் கேட்கவேண்டும். கேட்கவில்லை.

என்ன செய்யவேண்டும் என்று ஜூனிக்குத் தெரியும்; அப்பா எத்தனையோ முறை செய்ததைப் பார்த்திருக்கிறாள். அவள் வாயைத் திறக்கவில்லை. 'கிளம்பவே வேண்டாம். டோரிக்கு அலுத்துப்போகட்டும். திருப்பிக் கொடுத்துடுவாங்க.'

டோரி ஸ்டியரிங்கை மெல்லத் தடவினார். "என்ன கண்ணு, உடம்பு சரியில்லையா? பரவாயில்ல. வீட்டுக்குப் போலாம்" என்றார் காரிடம். அவர் காது மடலெல்லாம் சிவந்திருந்தது.

ஜூனியால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. சட்டென்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "பின்பெட்டியத் திறங்க! வலது மூலையில தட்டுங்க!"

"எதால தட்டறது?"

ஜூனி ஒரு ஷூவைக் கழற்றி நீட்டினாள். "இதால! மெதுவா இல்ல, நல்லா!"

டோரி ஷூவை வாங்கி ஓங்கித் தட்டினார். சாவியைத் திருப்பினார். டிக், டிக், டிக்! கார் கரகரவென்று கிளம்பியது.

"அடேங்கப்பா, டீ வேணாமாம், உதைதான் வேணுமாம்!" என்றார் தாடிக்காரர்.

கொடி அசைந்தது. பச்சைக் கார் பாய்ந்தது. ஒற்றைக் காலில் ஷூவுடன் நின்று ஜூனி ஒவ்வொரு வளைவிலும் தானும் சாய்ந்தாள். ஒரு கூம்பும் விழவில்லை. கோப்பை கிடைக்கவில்லை, ஆனால் டோரி இதுவரை இவ்வளவு வேகமாக ஓட்டியதே இல்லையாம்.

"ஏறிக்கோ" என்று ஷூவை நீட்டினார் டோரி. "வண்டி நிறுத்தற இடம் வரைக்கும்தான். ஆமை வேகம். சரியா?"

ஜூனி ஏறிக்கொண்டாள். அதே தோல் இருக்கை, அதே பெட்ரோல் வாசனை. தலைக்கு மேலே முழு வானம். அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தாள்.

மாலையில் அப்பா கடைசிக் கூம்பை அடுக்கினார். வேனை நோக்கி நடக்கும்போது, எங்கோ பார்த்தபடி கேட்டார்.

"எப்படி இருக்கா அவ?"

"நல்லா இருக்காப்பா" என்றாள் ஜூனி. "டோரி அவகூடப் பேசறாங்க."

அப்பா சிரித்தார். பிறகு முதல் தடவையாகத் திரும்பி, அந்தப் பச்சைக் காரை நன்றாகப் பார்த்தார்.