ஓரத்தில் விழுந்த முத்திரை

மழையில் தொப்பலாக நனைந்து வந்தவன் தபால் நிலையக் கவுண்டரில் இருந்த பெண்ணிடம் ஓர் உறையை நீட்டினான். அவள் நிமிர்ந்தாள். அவன் இமை நுனியில் ஒரு துளி மழை... அடேயப்பா, என்ன கண்கள்! சட்டென்று குனிந்துகொண்டாள்.

உறையில் ஒட்டியிருந்த தபால்தலையில் ஒரு பூக்காரி, கூடையை அணைத்தபடி நாரில் பூக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“பார்த்துக் குத்துங்க... அந்தப் படம் நான் வரைஞ்சது.”

“அதுக்காக முத்திரை குத்தாம அனுப்ப முடியுமா?”

“அப்பப்பா, வெளியில மழையே தேவலை!”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இந்த அம்மாவை உங்க போஸ்ட் ஆபீஸ் வாசல்லதான் வரைஞ்சேன். இப்ப காணோம். எங்கே இருக்காங்கன்னு தெரியுமா?”

சிரிப்பு அப்படியே நின்றது. பக்கத்துக் கவுண்டர் அக்கா காதைத் தீட்டிக்கொண்டாள். தன் அம்மா வீட்டில் சும்மா இருப்பதாகத்தானே அந்த அக்காவிடம் இத்தனை நாளாக அளந்திருக்கிறாள்!

“எனக்கு எப்படிங்க தெரியும்?”

சொல்லிவிட்டு முத்திரையை எடுத்தாள். எப்போதும் நடுவில் ‘டப்’பென்று இறங்கும் கை, மெதுவாக ஓரத்தில் இறங்கியது. பூக்காரியின் முகத்தில் மை படவில்லை.

அவன் அதைப் பார்த்துவிட்டான்.

“பொண்ணுக்கு இங்கே வேலை கிடைச்சிருக்கு, நான் வாசல்ல இருந்தா அவளுக்குக் கூச்சமா இருக்கும்னு அந்த அம்மா அப்பவே சொன்னாங்க...” குரலைத் தாழ்த்தினான். “இனிமே யார்கிட்டயும் கேட்க மாட்டேங்க.”

அவமானத்தில் அவள் காது மடல் சுட்டது. ‘அங்கே வியாபாரம் இல்லடி’ என்றுதானே அம்மா சொன்னாள்! அதை நம்பியதுபோல் இவளும் இருந்துவிட்டாளே, பாவி...

வேலை முடிந்து வந்தபோது அவன் வாசலிலேயே நின்றிருந்தான். “வாங்க, காட்டறேன்” என்றாள்.

பேருந்து நிலையத்துக்குப் பின்புறம், கூடைக்கு முன்னால் அம்மா. மகளின் கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையைப் பார்த்தாள். பக்கத்தில் நின்றவனையும் பார்த்தாள்.

“வாங்க தம்பி, நல்லா இருக்கீங்களா?” பிறகு முன்பின் தெரியாதவளிடம் பேசுவதுபோல், “உங்களுக்கு என்ன பூ வேணும், மேடம்?”

அவள் உடைந்துபோனாள். ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தாள்.

“அம்மா... இவர்கிட்ட உன்னைத் தெரியாதுன்னு சொல்லிட்டேம்மா. வெட்கமா இருக்கும்மா...”

“அதுக்கு ஏண்டி அழற? துணியெல்லாம் ஈரமாகுது, எந்திரி.”

அவன் தயங்கித் தயங்கிக் குந்தினான். “அம்மா, தபால்தலையில உங்க முகத்துல மை படாம குத்தினாங்க பாருங்க... அப்பவே உங்க பொண்ணை எனக்குப் பிடிச்சுப்போச்சு.”

அவள் தலை நிமிரவில்லை.

“எனக்கும்தான்... ஆனா நாளைக்கு முதல்ல பக்கத்துக் கவுண்டர் அக்காகிட்ட எங்கம்மாவைக் காட்டணும். அப்புறம் வந்து பொண்ணு கேளுங்க.”