பொணத்துக்குத் தனி ரேட்டு

போன் அலறியது.

கும்மிடிப்பூண்டி ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் 'குணசுந்தரி டிராவல்ஸ்' என்று போர்டு. போர்டில் பஸ், வேன், கார் என்று மூன்றும் வரைந்திருக்கும். சொந்தமாக இருப்பது ஒரே ஒரு வேன்.

1978. மே மாத ஞாயிற்றுக்கிழமை. மண்டை பிளக்கும் மத்தியானம்.

மோர்ச்சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு, குணசுந்தரி இடது கையால் ரிசீவரை எடுத்தாள்.

"கல்யாணமா, காதுகுத்தா, திருப்பதியா? எதுக்கு வண்டி வேணும்?"

"அக்கா... நாந்தான் யேசுதாஸ்."

அவளுடைய டிரைவர். காலையில்தான் போல்ட்டு கம்பெனி ஆட்களை பிக்னிக்குக்கு ஏற்றிக்கொண்டு பழவேற்காடு போயிருந்தான்.

"இன்னாடா, பஞ்சரா?"

"இல்லக்கா..."

"பிரேக்கு பூட்ச்சா?"

"பொணம்க்கா."

"இன்னாது?"

"வேனுக்குள்ள ஒரு பொணம் கீதுக்கா. கடைசி சீட்டுல."

குணசுந்தரி விரலில் ஒட்டியிருந்த ஊறுகாயை நக்கினாள்.

"பொணத்துக்குத் தனி ரேட்டுன்னு சொன்னியா?"

"அக்கா, வெளாடாதக்கா. அல்லாரும் படகேறி பீச்சுக்குப் போய்ட்டாங்க. நான் மரத்தடியில கொஞ்சம் கண்ணசந்தேன். எழுந்து வந்து பாத்தா, வாயில நொரையோட ஒருத்தன் கெடக்கறான். அலறிட்டேன். நான் போலீசாண்ட கூட போவலக்கா... அதுக்குள்ள சப்-இன்ஸ்பெக்டரு வந்து நிக்கறாரு. வேன எடுத்துக்கினு பூடுவேன்றாரு!"

"கூப்புடாமயே போலீசு வந்துச்சா?"

"ஆமாக்கா."

"அதிசயமாக்கீதே. சாவிய மட்டும் எவன் கையிலயும் குடுக்காத. வந்துக்கினே கீறேன்."

வாய்தான் கிண்டல் பேசியதே தவிர, மோர்ச்சோற்றை அப்படியே போட்டுவிட்டுச் செருப்பைத் தேடினாள்.

காரணம் இருக்கிறது. புருஷன் ஆதிகேசவன் ஒருத்தியோடு ஆந்திராப் பக்கம் ஓடிப்போன பிறகு, தன் நகையெல்லாம் விற்று வாங்கிய வேன் அது. நாளைக்குத் திங்கட்கிழமை. காலை ஆறு மணிக்கு அந்த வேன் போல்ட்டு கம்பெனி கேட்டில் நின்றாக வேண்டும். நின்றால், தினமும் ஆட்களை ஏற்றி இறக்க ஒரு வருஷத்துக்கு கான்ட்ராக்ட். நிற்காவிட்டால், அடுத்த தெரு துளசிராமனின் வேன் நிற்கும். மேனேஜர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

ஸ்டேஷன் வாசலில் துருப்பிடிக்கும் வண்டிகளை அவள் பார்த்திருக்கிறாள். உள்ளே போன வண்டி, பேரீச்சம்பழத்துக்குப் போடும் பக்குவத்தில்தான் வெளியே வரும்.

மீன் ஏற்றப் போகும் ஐஸ் லாரி ஒன்றை மறித்து ஏறினாள்.

வழியெல்லாம் யோசனை. வேனை புக் பண்ண வந்தவன் சின்னதுரை. போல்ட்டு கம்பெனியில் டர்னர். ஏ ஷிப்டு, பி ஷிப்டு இரண்டிலும் ஆள் பிடித்து பிக்னிக் கோஷ்டி சேர்த்தவன். நல்ல வாய்.

புக்கிங்கின்போதே குணசுந்தரி தன் சட்டத்தையெல்லாம் சொல்லிவிட்டாள். படகுக் கூலி தனி. டிரைவர் சாப்பாடு அவர்கள் பொறுப்பு. மீன் வாங்கினால் மேலே கேரியரில்தான் போட வேண்டும். வாந்தி எடுத்தால் எடுத்தவனே கழுவ வேண்டும்.

அந்தக் கடைசிச் சட்டத்துக்காகத்தான், ஏறுகிற ஒவ்வொருத்தன் கையிலும் மோந்து பார்க்க ஒரு எலுமிச்சம்பழம் கொடுப்பாள். பழம் மலிவு. சீட் கவர் விலை ஜாஸ்தி.

பழவேற்காடு.

ஏரிக்கரைப் படகுத்துறை. வேப்பமரத்தடியில் அவள் வேன். எதிரே ஞானம்மாவின் டீக்கடை. பீச்சிலிருந்து படகில் திரும்பிய கோஷ்டி, ஈர வேட்டியோடு கும்பலாக நின்றது. வேன் டயருக்குப் பக்கத்தில் யேசுதாஸ். அவன் கைகள் அவன் துண்டாலேயே கட்டப்பட்டிருந்தன.

வேன் கதவை மறித்துக்கொண்டு ஒரு சப்-இன்ஸ்பெக்டர். விறைப்பான காக்கி. பளபளக்கும் பெல்ட். முறுக்கிய மீசை. கையில் பிரம்பு.

"நில்! யார் நீ?"

"வண்டி எந்துங்க."

"நான் சப்-இன்ஸ்பெக்டர் அருணகிரி! இந்த வாகனம் இந்த நிமிடத்திலிருந்து சட்டத்தின் பிடியில் இருக்கிறது!"

லைசென்ஸ், பர்மிட் எல்லாம் சரியாக இருந்தாலும் காக்கியைக் கண்டால் வேர்க்குமே, அந்த வேர்வை குணசுந்தரிக்கும் வந்தது.

"எங்க டிரைவரு இன்னா பண்ணான் சார்?"

"கொலை! காலையில் அந்த அப்பாவிக்கு பீடி கொடுத்தது இவன்! அந்த பீடியில் விஷம்!"

"அதே கட்டுல நானும் ரெண்டு பீடி குடிச்சேன் சார்," என்றான் யேசுதாஸ். "அக்கா, எம்பொண்டாட்டி மேரி மாசமாக்கீறாக்கா. இந்த நேரத்துல நான் ஜெயிலுக்குப் போனா அவ செத்துடுவா." அழுதே விட்டான்.

அதைப் பார்க்கக் குணசுந்தரிக்குத் தாங்கவில்லை.

"இப்ப இன்னா சார் பண்ணணும்?"

"சாவியைக் கொடு. வாகனத்தை நானே ஓட்டிச் செல்வேன். உன் டிரைவர் இன்றிரவு தன் வீட்டில் உறங்கலாம். மறுத்தால்... தூக்குக் கயிறு!"

"சாவிதான் அவங்கிட்ட கீதே சார். எடுத்துக்கினா போச்சு."

சப்-இன்ஸ்பெக்டரின் முகம் சிவந்தது.

"அரைஞாண் கயித்துல கட்டிக்கீறேன்க்கா," என்றான் யேசுதாஸ், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "அங்க கைய வுட சார் கூச்சப்படறாரு."

சின்னதுரை அவள் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தான்.

"அக்கா, போலீசாண்ட வம்பு வேணாம். சாவிய குடுத்துட்டு யேசுதாஸ காப்பாத்து. ஆளுங்கள நான் பஸ்ல இட்டுக்கினு பூடறேன்."

"இரு தம்பி. செத்தது யாருன்னு பாக்க வேணாமா?"

"தொடாதே!" என்று கத்தினார் சப்-இன்ஸ்பெக்டர். "சென்னையிலிருந்து கைரேகை நிபுணர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்!"

"தொடல சார். எட்ட நின்னு பாத்துக்கறேன்."

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

கடைசி சீட்டில் மல்லாந்து கிடந்தான். பாதி திறந்த கண்கள். கடைவாயில் ரோஸ் கலரில் நுரை. சட்டைப் பையில் உருண்டையாக ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது.

அந்த மூஞ்சியை அவளுக்குத் தெரியும். காலையில் 'இன்னொண்ணு குடுக்கா' என்று இரண்டாவது எலுமிச்சம்பழம் கேட்ட மூஞ்சி.

இன்னும் கொஞ்சம் குனிந்தாள். கிராம்பு வாசனை அடித்தது. இது பல்பொடி வாசனையாயிற்றே... சாகப்போகிற நேரத்தில் எவனாவது பல் விளக்குவானா?

கும்பலைப் பார்த்துத் திரும்பினாள்.

"யாருப்பா இவன்? பேரு இன்னா?"

"பி ஷிப்டு ஆளுக்கா," என்றான் ஏ ஷிப்டுக்காரன் ஒருவன்.

"யோவ், எங்க ஷிப்டா? உங்காளுன்னுதான நாங்க நெனச்சிக்கினு கீறோம்," என்றான் பி ஷிப்டுக்காரன்.

"பொன்னேரியில எம்பக்கத்துல குந்தி நாஷ்டா துன்னான்யா. எட்டு இட்லி. உங்காளுன்னுதான் நானும் கம்முனு இருந்தேன்."

"எங்களாண்ட சீட்டாடி ஜெயிச்சான். உங்காளாச்சேன்னு வுட்டுட்டோம்."

கல்யாண வீட்டில் பெண் வீட்டாருக்கு மாப்பிள்ளை வீட்டு ஆளாகவும், மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டு ஆளாகவும் இருந்து பந்தியில் உட்காருவானே ஒருத்தன்... அந்த ரகம்.

குணசுந்தரிக்குத் தலை சுற்றியது. ஒன்றும் புரியவில்லை. புரிகிற வரைக்கும் போலீஸ் காத்திருக்காது. வேன் போனால் போகட்டும், மாசமாக இருக்கிறவளின் புருஷன் ஜெயிலுக்குப் போகக் கூடாது.

"சரி சார். சாவி வாங்கித் தரேன். ஒரு டீ குடிச்சிக்கறேன், மயக்கமா வருது. நீங்களும் குடிங்க."

ஞானம்மா டீ ஆற்றினாள். சப்-இன்ஸ்பெக்டர் ஒரு டீ குடித்தார். மசால்வடை ஒன்று தின்றார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு பர்ஸை எடுத்தார்.

பலகையில் சில்லறையை வைத்தார்.

"பாக்கியை நீயே வைத்துக்கொள் தாயே," என்றார்.

ஞானம்மாவின் கையில் இருந்த டீ வடிகட்டி அப்படியே நின்றது. சில்லறையைப் பார்த்தாள். காக்கியைப் பார்த்தாள். மறுபடி சில்லறையைப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது?" என்றாள் குணசுந்தரியின் காதருகே. "எங்க மாமியாரு காலத்துலேர்ந்து கட வெச்சிக்கீறோம். காக்கிச்சட்ட காசு குடுத்து நான் பாத்ததே இல்ல. எனக்கு பயமாக்கீது."

குணசுந்தரி அந்தச் சில்லறையையே பார்த்தாள்.

கூப்பிடாமல் வந்த போலீஸ்... இடுப்பில் கைவிடக் கூச்சப்படும் போலீஸ்... டீக்குக் காசு கொடுக்கும் போலீஸ்...

மயக்கம் சட்டென்று தெளிந்தது.

"ஞானம்மா, அந்த வெங்காயம் அரியற கத்திய குடு."

"கத்தியா? இன்னா பண்ணப் போற?"

"பொணத்துக்கு வைத்தியம்."

விறுவிறு என்று வேனில் ஏறினாள். சப்-இன்ஸ்பெக்டர் பாய்ந்து வந்தார்.

"தொடாதே! தடயம் அழிந்துவிடும்!"

பிணத்தின் சட்டைப் பையில் கை விட்டாள். எலுமிச்சம்பழம் வந்தது. குறுக்கே ஒரே வெட்டு. பாதி திறந்திருந்த கண்ணுக்கு நேராகப் பிடித்து... ஒரு பிழி.

"ஐயோ... அம்மா... எங்கண்ணு!"

பிணம் எகிறிக் குதித்தது. வேன் கூரையில் தலை இடித்தது. வாயைத் திறந்தது. பொன்னேரியில் தின்ற எட்டு இட்லியும் சீட் கவரில் வந்து விழுந்தன.

ஏ ஷிப்டு ஒரு பக்கம் ஓடியது. பி ஷிப்டு இன்னொரு பக்கம் ஓடியது.

எல்லோருக்கும் முன்னால் ஓடியவர் சப்-இன்ஸ்பெக்டர்தான். நேராகப் போய் ஏரியில் குதித்தார். நீந்தித் தப்பிப்பதாக உத்தேசம்.

முழங்கால் ஆழம்.

இன்னும் கொஞ்ச தூரம் ஓடினார். அப்போதும் முழங்கால் ஆழம்தான். பழவேற்காடு ஏரி அப்படி. தண்ணீர் குறைவு, சேறு தாராளம். அந்தச் சேறு இரண்டு காலையும் பிடித்துக்கொண்டது. படகில் உட்கார்ந்து வலை உலர்த்திக்கொண்டிருந்த இரண்டு பேர், அவசரமே இல்லாமல் இறங்கிப் போய், மாட்டிய மீனை எடுப்பதுபோல் எடுத்து வந்தார்கள். ஒட்டு மீசை தண்ணீரிலேயே போய்விட்டிருந்தது.

யேசுதாஸின் கட்டை அவிழ்த்துவிட்டாள் குணசுந்தரி.

"சைக்கிள வாங்கிக்கினு போடா. நெசம் போலீச இட்டுக்கினு வா."

பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த பிணத்தின் பக்கம் திரும்பினாள்.

"பேரு இன்னா நைனா?"

"சுப்பிரமணிக்கா. திருவள்ளூர்ல நாடகக் கம்பெனி. நான் எப்பவும் மூணாவது சீன்ல வாயில பல்பொடி நொரையோட செத்துடுவேன். இந்த அண்ணன் இன்ஸ்பெக்டரா வந்து கொலகாரன புடிப்பாரு."

"ஏண்டா டீக்குக் காசு குடுத்த?" என்றாள் நனைந்து நின்ற அருணகிரியிடம்.

"எங்க நாடகத்துல இன்ஸ்பெக்டரு ரொம்ப நேர்மையானவருங்க," என்றான் அவன். ஏரியில் விழுந்ததில் வசனமெல்லாம் கரைந்து, சொந்தப் பேச்சு வந்துவிட்டது. "நெசத்துல பக்கத்துல நின்னு பாத்ததில்லீங்க."

"துளசிராமன் எத்தினி குடுத்தான்?"

சுப்பிரமணி விழித்தான். ஒரு கண்ணால்.

"துளசிராமனா? யாருக்கா அது?"

"அப்ப டப்பு குடுத்தது யாரு?"

சுப்பிரமணியின் விரல் மெல்ல எழுந்து, கும்பலுக்குப் பின்னால் நழுவிக்கொண்டிருந்த ஒருத்தனை நோக்கி நீண்டது.

சின்னதுரை!

இரண்டு ஷிப்டும் முதன்முறையாக ஒற்றுமையாகச் சேர்ந்து அவனைப் பிடித்தன.

"உங்காளுன்னு எங்களாண்ட சொன்னதும் இவந்தான்யா!"

"எங்களாண்டயும் இவந்தான்யா சொன்னான்!"

"துளசிராமன் எங்கக்கா ஊட்டுக்காரருக்கா," என்றான் சின்னதுரை, தலையைக் குனிந்துகொண்டே. "அவருக்கு இது எதுவும் தெரியாது. கான்ட்ராக்ட் வந்தா என்ன பார்ட்னரா சேத்துக்கறேன்னாரு. வேன ஒரு வாரம் ஆரம்பாக்கம் தோப்புல மறைச்சி வெச்சிட்டு, அப்பால வுட்டுடலாம்னுதான்..."

"யேசுதாஸ் பொண்டாட்டி வயித்துல புள்ளயோட கீறா. அவன கொலகாரன்னு கட்டிப் போட்ட. இன்னா மனுசண்டா நீ?"

சின்னதுரை நழுவப் பார்த்தான். இரண்டு ஷிப்டும் பிடியை விடவில்லை.

"புக் பண்றப்ப பொணம் வரும்னு நீ சொல்லல," என்றாள் குணசுந்தரி. "அதுக்குத் தனி ரேட்டு. எடுத்து வெய்யி. நைனா சுப்பிரமணி, நீ இறங்கு. ஏரியில தண்ணி மொண்டாந்து சீட்டக் கழுவு. எடுத்தவந்தான் கழுவணும். அது நம்ம சட்டம்."

பிணம் வாளியைத் தூக்கிக்கொண்டு போனது.

வெயில் இறங்கும் நேரத்தில் யேசுதாஸ் திரும்பி வந்தான். பின்னாலேயே ஒரு ஜீப். அதிலிருந்து முதலில் ஒரு தொப்பை இறங்கியது. பிறகு, தொப்பையின் சொந்தக்காரரான சப்-இன்ஸ்பெக்டர் முனிகிருஷ்ணன் இறங்கினார்.

கும்பல் ஒதுங்கி நின்று சந்தேகமாகப் பார்த்தது.

"அக்கா," என்றான் யேசுதாஸ் மெதுவாக. "நானே போயி இட்டாந்தேன். ஆனாலும் ஒருக்கா ஏமாந்துட்டோமா... இவரு மெய்யாலுமே போலீசுதானா?"

"கம்முனு இரு. இப்ப தெரிஞ்சிடும். ஞானம்மா, சாருக்கு ஒரு டீ."

முனிகிருஷ்ணன் டீயைக் குடித்தார். இன்னொன்று கேட்டார். வடைத் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். தட்டு காலியானது. கயிற்றில் தொங்கிய பீடிக் கட்டுகளில் ஒன்றைப் பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டார். படகுக்காரர்களைப் பார்த்து, "எறா கீதா? ஜீப்புல வெய்யி," என்றார். எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

கை பர்ஸ் பக்கம் போகவே இல்லை.

"இன்னாம்மா, ஜீப்புல எடம் இல்ல. இந்த மூணு பேரையும் உன் வேன்ல ஏத்தி ஸ்டேஷனாண்ட எறக்கிட்டு, வண்டிய எடுத்துக்கினு பூடு. காலையில ஆறு மணிக்கு கம்பெனியில நிக்கணும்னு உன் டிரைவரு ஸ்டேஷன்லயே உயிர எடுத்துட்டான்."

குணசுந்தரிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வேன் பிழைத்தது. யேசுதாஸ் பிழைத்தான். முந்தானையால் துடைத்துக்கொண்டு, கடைசியாக ஒரே ஒரு பரீட்சை வைத்துப் பார்த்தாள்.

"ஸ்டேஷன் வரைக்கும் வாடகைங்க, சார்?"

முனிகிருஷ்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பதிலே சொல்லாமல் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

குணசுந்தரி முகமெல்லாம் மலர யேசுதாஸிடம் திரும்பினாள்.

"வண்டிய எடுடா... இவரு அசல்!"