வரையாடு பார்க்கப் போகிறவர்கள்

1991 நவம்பர் 11, திங்கள்.
இன்று ஒரு சிறு தவறு செய்தேன். பொங்கலுக்கு மூணாறு போகும் வேனில், கேட்காமலேயே ஒருவருடைய பெயரைச் சேர்த்துவிட்டேன். அவரை நான் பார்த்ததுகூட இல்லை.

எழுதி முடித்த கலைமதி, 'சிறு' என்பதை அடித்தாள். யோசித்தாள். மறுபடி எழுதினாள். எதையும் ஒழுங்காகச் செய்கிறவள் அவள்... செய்தது சரிதானா என்று பிறகு குழம்புகிறவளும் அவளேதான். தொழிற்சாலையின் ஷிப்ட் அட்டவணையைப் பார்த்து வரிசையாகப் பெயர்களை எழுதிக் கேன்டீன் பலகையில் ஒட்டியபோது, மெயின்டனன்ஸுக்குப் புதிதாக வந்த பாண்டுரங்கனும் அதில் சேர்ந்துவிட்டான்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தத் தவறு கைகால் முளைத்து எதிரே வந்து நின்றது.

"இங்க கலைமதின்னு யாருங்க?"

நிமிர்ந்தாள். கிரீஸ் படிந்த நீலச் சட்டை. தலைமுடியில் மழைத்துளிகள். சிரிப்பை அடக்கத் தெரியாத இரண்டு கண்கள்...

"நான்தான். இன்னா வேணும்?"

"என்னை மூணாறு கூட்டினு போறீங்களாமே! எனக்கே இப்பதான் தெரியும்."

"வரலைன்னா சொல்லிடுங்க."

"எப்டிங்க வர்றது? பொங்கலுக்கு உங்க லைன் நிக்கும். லைன் நின்னாதான் நாங்க மெஷினைப் பிரிக்க முடியும். உங்களுக்கு லீவுன்னா எங்களுக்கு வேலைங்க."

அவளுக்குக் காது சுட்டது. இது ஏன் தனக்குத் தோன்றவில்லை? அவன் அத்தோடு போயிருக்கலாம். போகவில்லை.

"ஆமா, அங்க போய் இன்னா பாக்கப் போறீங்க?"

"வரையாடு."

"ஆடா? ஆடு பாக்கவா அவ்ளோ தூரம்? மண்ணூர் வாங்க, எங்க வூட்டுப் பின்னாலயே கீது!"

கேன்டீனே சிரித்தது. கலைமதி எழுந்து போய், பலகையில் அவன் பெயரின் மேல் ஒரே கோடாக இழுத்தாள்.

"இப்ப சந்தோஷமா?"

அவன் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றது.

அவனுக்கு என்ன தெரியும்? மாலை டைப்ரைட்டிங் வகுப்பில் வேகப் பயிற்சிக்குக் கொடுத்த பத்தி, இரவிகுளம் தேசியப் பூங்காவைப் பற்றியது. தினமும் அதையே அடித்து அடித்து, அவள் விரல்கள் அந்த மலையில் ஏறிப் பழகியிருந்தன. மேகத்துக்குள் செங்குத்துப் பாறைகள், பாறை விளிம்பில் வரையாடுகள்... காஞ்சிபுரத்தைத் தாண்டாத அவளுக்கு அது கனவு. அந்தக் கனவுக்கும் அம்மா ஒரு கண்டிஷன் போட்டிருந்தாள். "ஜெபதாஸும் கிளாராவும் குடும்பமா வந்தா போ. இல்லாட்டி அந்தப் பேச்சே வாணாம்."

கிளாரா அவளோடு லைனில் வேலை செய்கிறவள். கணவன் ஜெபதாஸ் மெயின்டனன்ஸ். போன வருஷம் பொங்கல் டூட்டி பார்த்ததால் இந்த முறை அவனுக்கு விடுமுறை.

புதன்கிழமை மாலை வகுப்பு முடிந்து வந்தபோது, ஸ்ரீபெரும்புதூரில் வானம் உடைந்து கொட்டியது. டீக்கடைத் தகரத்தின் கீழே ஓடி ஒதுங்கினாள். பக்கத்தில்... அவன்!

"கோவமா?"

அவள் மழைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தப்புதாங்க. தெரியாம சிரிச்சிட்டேன். அது... எப்டிங்க பாறையில வழுக்காம நிக்குது?"

பதில் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தாள்.

"குளம்புக்கு அடியில ரப்பர் மாதிரி மெத்துன்னு இருக்குமாம்..."

அவ்வளவுதான்... புல்வெளி, பனி, மேகம் என்று வார்த்தைகள் அருவியாக இறங்கின. அவள் ஏற வேண்டிய பிள்ளைப்பாக்கம் பஸ் வந்தது. போயும் விட்டது. இருவரும் கவனிக்கவில்லை. அவன் மழையைப் பார்க்கவில்லை என்பதை மட்டும் அவள் கவனித்தாள்.

"நான் பாத்த பெரிய மலை திருக்கழுக்குன்றம்தாங்க," என்றான் மெதுவாக. "பொங்கல் தாண்டிப் போவக்கூடாதா?"

"அப்புறம் குட்டி போடுற சீசன். பூங்காவை மூடிடுவாங்க."

"ஓ..."

அந்தச் சின்ன 'ஓ' அவளைச் சும்மா இருக்க விடவில்லை.

மறுநாள் காலை ஷிப்ட் தொடங்குமுன் ஜெபதாஸைத் தேடிப் போனாள். கிளாராவும் அங்கே இருந்தாள்.

"அண்ணே, பொங்கல் டூட்டியை நீங்க எடுத்துக்கினு அவரை விட முடியுமா? பதிலுக்கு உங்க கிறிஸ்துமஸ் டூட்டியை அவரு பாப்பாரு... கேட்டா."

"நான் வரலைன்னா உங்க அம்மா உன்னை அனுப்பாதே?"

"தெரியும்ணே."

"அப்புறம்?"

"அவராவது பாக்கட்டும்..."

சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று அவளுக்கே உறைத்தது. மலையையா விட்டுக்கொடுத்தாள்? அந்த மலையையா?

ஜெபதாஸ் ஸ்பேனரைக் கீழே வைத்தான். கிளாரா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இப்பதாண்டி அவன் வந்துட்டுப் போறான்! 'கிறிஸ்துமஸ், நியூ இயர் ரெண்டும் நான் பாக்குறேன், பொங்கலை மாத்திக்கோங்கண்ணே'ன்னான். உங்க அம்மா கண்டிஷனை இவரு சொன்னதும், 'அய்யோ வாணாம்ணே, அவங்க போவட்டும்'னு திரும்பிப் பாக்காம ஓடிட்டான்."

கலைமதி சட்டென்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நீ போய் வேலையைப் பாரு. பொங்கலுக்கு இவரு மெஷினைப் பிரிக்கட்டும், அவன் வரட்டும். நான் வரேன்! உங்க அம்மாகிட்ட நானே பேசுறேன்."

"அடிப்பாவி, என்னை விட்டுட்டா?" என்றான் ஜெபதாஸ்.

"கிறிஸ்துமஸுக்கு வூட்ல இருப்பீங்கல்ல? பிரியாணி ஆக்கித் தரேன், போங்க."

அன்று சாயங்காலமே கிளாரா பிள்ளைப்பாக்கம் வந்தாள். அம்மா முதலில் முறைத்தாள், பிறகு காபி கொடுத்தாள், கடைசியில், "பொண்ணுங்க எல்லாம் முன் சீட்டுல, உன் பக்கத்துலயே உக்காரணும்," என்றாள். சூப்பர்வைசரும் டூட்டி மாற்றத்துக்குத் தலையாட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஷிப்ட் விட்டதும் கேட்டருகே செக்யூரிட்டி அறையின் கூரைக்குக் கீழே பாண்டுரங்கன் நின்றிருந்தான். சுற்றிலும் மழை.

"எனக்காக மலையையே விட்டுட்டீங்களாமே?"

"நீங்க மட்டும்?"

"எனக்கு மலை இன்னாங்க... மேகம் விலகி ஆடு தெரியறப்போ உங்க கண்ணு எப்டி இருக்கும்னு பாக்கணும். அதுக்குத்தான் வரணும்னு இருந்துச்சு." மூச்சை இழுத்துக்கொண்டான். "உங்களைப் புடிச்சிருக்கு, கலைமதி."

சரியா, தப்பா என்று வழக்கம்போல மனசைக் கேட்டுப் பார்த்தாள். ஒரு சந்தேகமும் எழவில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய ஆச்சரியம்!

"எனக்கும்..."

"மழை சத்தத்துல கேக்கலைங்க."

"நின்னதும் சொல்றேன்."

"ஐப்பசி மழைங்க. எப்ப நிக்கிறது?"

"அப்ப இப்பவே சொல்லிடறேன்." தலை குனிந்தது, குரல் குனியவில்லை. "எனக்கும் உங்களைப் புடிச்சிருக்கு."

அன்றிரவு டைரியைத் திறந்தவளுக்கு அதை எழுத வரவில்லை. பேனா மூடியைக் கடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரே ஒரு வரி எழுதினாள்.

நாளை: எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் மூணாறு லாட்ஜுக்குப் பேசி, பெண்களுக்குத் தனி அறை சொல்ல வேண்டும்.